ராசாவை மறித்தவன்

"இந்த ராசா செத்ததுக்கு யார்தான் காரணம், டீச்சர்?"

மாலைப் பள்ளியில் எல்லப்பனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் தவமணி, முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவனைவிடப் பத்து வயது சின்னவள். தலை நிமிரவில்லை.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? நீங்கதானே கட்டுரை எழுதணும்."

"நாலு உரை படிச்சேன். நாலும் நாலு பேரைச் சொல்லுது."

எல்லப்பன் நாற்பது தாண்டியவன். அரசு மருத்துவமனையில் தற்காலிகக் காவலாளி. பத்தாவது தேறினால் வேலை நிலைக்கும். தேறாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். தேர்வு எழுத வேண்டுமானால் இந்தக் கட்டுரையை இன்று மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, இன்று காலைதான் அவள் வீட்டுக்கு ஓடிவந்திருந்தான்.

கட்டுரை அவர்கள் ஊர்க் கூத்துக் கதையைப் பற்றியதுதான். பாடப் புத்தகத்திலும் ஏறிவிட்ட பழைய கதை.

போருக்குப் போன ராசா வென்று திரும்புகிறார். தம்பி கோட்டைக் கதவை அடைத்து வைத்திருக்கிறான். உள்ளே கொள்ளைநோய். அண்ணன் நுழைந்தால் பிழைக்க மாட்டார். மதில்மேல் நின்று தொண்டை கிழியக் கத்துகிறான். வெற்றி முரசின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தம்பிக்கு அரியணைமேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்த ராசா, கதவை உடைத்து, தம்பியை வெட்டி, ஊருக்குள் போகிறார். நோய் அவரையும் கொண்டுபோகிறது.

"ஒரு உரை ராசாவோட கோபம்னுது. ஒண்ணு, தம்பி முன்னாடியே ஆள் அனுப்பியிருக்கணும்னுது. ஒண்ணு முரசடிச்சவன்னுது. இன்னொண்ணு விதின்னுது. நீங்க ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க டீச்சர். எழுதிக் குடுத்துடறேன்."

தவமணி முறத்தில் ஒருமுறை புடைத்தாள். தோல் பறந்தது.

"இன்னிக்குக் களந்தானே?"

ஆமாம், களம்தான். விடிய விடியக் கூத்து நடந்து, தம்பியை வெட்டும் கட்டம் மட்டும் பகலில் ஏரிக்கரைக் களத்தில் நடக்கும். ராசா வாளை ஓங்கும்போது மேளம் நிற்கும். ஊரிலிருந்து ஒருவர் எழுந்து போய், "வேண்டாம் ராசா" என்று மூன்று தடவை மறிக்க வேண்டும். ராசா மூன்று தடவையும் தலையை ஆட்டிவிட்டு வெட்டுவார். காலங்காலமாக அப்படித்தான். மறிக்கும் முறை வருஷத்துக்கு ஒரு தெருவுக்கு வரும்.

"இந்த வருஷம் நம்ம தெரு முறை," என்றாள் தவமணி. "நீங்க போய் மறிங்க."

"கட்டுரை, டீச்சர்?"

"அதுக்குத்தான் சொல்றேன். நிக்கிறாரான்னு பாருங்க."

"அவர் என்னிக்கு டீச்சர் நின்னிருக்காரு?"

அவள் உரித்த வேர்க்கடலையை ஒரு பிடி அள்ளி அவன் கையில் வைத்தாள். அவ்வளவுதான் பேச்சு.

களத்தில் வெயில் ஏறியிருந்தது. ராசா வேஷம் கட்டியவர் துலுக்காணம். முகத்து அரிதாரம் வேர்வையில் வழிந்து கழுத்துக்கு வந்திருந்தது. இரவெல்லாம் ஆடிய கண்கள் சிவந்திருந்தன. அந்தக் கோலத்தில் இருப்பவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மனைவிகூட. அவர் ராசா.

தம்பி வேஷக்காரன் அவர் முன்னால் மண்டியிட்டிருந்தான்.

வாள் உயர்ந்தது. மேளம் நின்றது.

யாரோ எல்லப்பனை முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள்.

"வேண்டாம் ராசா."

ராசா தலையை ஆட்டினார்.

"வேண்டாம் ராசா."

மறுபடியும் ஆட்டினார்.

மூன்றாவது தடவை சொல்ல எல்லப்பன் வாயெடுத்தான். நாலு உரையும் மண்டைக்குள் ஒன்றையொன்று பிடித்து உலுக்கின. கோபமா, ஆள் அனுப்பாததா, முரசா, விதியா. களமே அமைதியாக இருந்தது. கரைக்கு அந்தப்பக்கம் யாரோ துணி துவைக்கும் சத்தம்கூடக் கேட்டது.

இப்போது சொன்னால் கேட்குமே என்று தோன்றியது.

"ராசா, உள்ள கொள்ளைநோய். போனா செத்துடுவீங்க. உங்களைக் காப்பாத்தத்தான் தம்பி கதவை அடைச்சான். அவனுக்கு அரியணையெல்லாம் வேணாம்."

வாள் அந்தரத்தில் நின்றது.

"நெசமா?"

"சத்தியமா, ராசா."

ராசா வாளை இறக்கினார். தம்பியைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"இது இத்தனை பேருக்கும் தெரியுமா?"

முன்வரிசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எத்தனை வருஷமா வெட்டறேன். ஒருத்தர் சொல்லலையே."

கட்டியக்காரன் நடுவே வந்தான். கோமாளி அவன்தான். "ராசா குந்திட்டாரு. ஆளில்லாத நாட்டை வேணும்னா நான் பாத்துக்கட்டுமா?"

சிரிப்பு லேசாகக் கிளம்பி, உடனே அடங்கிவிட்டது.

தம்பி தலை தூக்காமல் முணுமுணுத்தான். "யோவ் எல்லப்பா, முட்டி எரியுதுய்யா. எதனா பண்ணு."

தம்பி விழுந்த இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்துப் போய், விதையோடு கலந்துதான் அந்த ஊரில் விதைப்பார்கள். அவன் விழாமல் மண் ஏது? பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் கையில் துண்டு இருந்தது.

நாட்டாமை ஏழுமலை வேகமாக வந்தார்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க? கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையா இருக்குது."

"மறிக்கச் சொன்னீங்க. மறிச்சேன்."

"மறிக்கத்தாண்டா சொன்னோம். நிறுத்தவா சொன்னோம்?"

 இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எல்லப்பன் கேட்க நினைத்தான். கேட்கும் முகமாக அவர் முகம் இல்லை.

"நீ உக்கார வெச்ச ஆளு. நீயே எழுப்பு."

எல்லப்பன் கூட்டத்தில் தவமணியைத் தேடினான். வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவன் தேடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள். தலையைக்கூட அசைக்கவில்லை.

அவன் போய் ராசாவின் பக்கத்தில் குந்தினான்.

"எழுந்திருங்க, ராசா."

"எதுக்கு?"

"வெட்டணும்."

"தெரிஞ்சப்புறம் எப்படிப்பா வெட்டறது?"

எல்லப்பன் நிமிர்ந்து பார்த்தான். முந்தானைகள் காத்திருந்தன. கூட்டத்தில் யாரோ, "மழை வர்ற நேரத்துல விதைப்பைக் கெடுக்க இவன் வேற," என்றார்கள். அது யார் என்று எல்லப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் தெரிந்த குரல்தான். அவன் மனைவி.

"நான் சொன்னது பொய், ராசா."

"எது பொய்?"

"உள்ள நோயெல்லாம் இல்ல. உங்க தம்பிக்கு அரியணைமேல ஆசை. அதான்."

ராசா வாளை ஊன்றிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

"அப்பச் சத்தியம் பண்ணினியே?"

"இதுவும் சத்தியந்தான், ராசா."

ராசா எழுந்தார்.

மேளம் முழங்கியது. வாள் இறங்கியது. தம்பி விழுந்தான். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். வைத்துக்கொண்டே குனிந்து மண்ணை அள்ளினார்கள். ஊரே குனிந்தது. நெரிசலில் எல்லப்பனும் குனிந்தான்.

வேப்பமரத்தடிக்கு அவன் வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தவமணி தாளையும் பேனாவையும் தயாராக வைத்திருந்தாள்.

"அஞ்சு மணிக்கு இன்னும் நேரமிருக்கு. கேள்வியை வாசிங்க."

"மன்னனின் இறப்புக்குக் காரணமானவர் யார்?"

"இன்னும் தெரியலையா?"

 எல்லப்பன் பேனாவை வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தான்.

"கையெல்லாம் மண்ணா இருக்குது, டீச்சர். ஏரியில கழுவிட்டு வந்துடறேன்."

"கழுவாதீங்கண்ணே," என்றாள் தவமணி. "அப்படியே எழுதுங்க."