துளியன் நிறுத்தும் வரைக்கும்

பாசி என்ற தவளை இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி வளையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மகன் துளியன் இருந்தான்.

"அம்மா, இருட்டா இருக்கும்மா! நான் பாட வரலையா?"

"இன்னைக்கு வேண்டாம் கண்ணு. அடுத்த மழைக்குப் பாடலாம்."

அவள் இன்னொரு கை சேற்றை அள்ளி அப்பினாள்.

துளியனுக்கு எதுவும் மெல்லத்தான் ஏறும். கூடப் பிறந்ததுகளுக்கு வால் மறைந்து ஒரு மாதம் கழித்துத்தான் இவனுக்கு மறைந்தது. பாட்டென்றால் அவனுக்கு உயிர். ஆனால் நிறுத்த மட்டும் தெரியாது. எல்லாரும் அடங்கின பிறகு மூன்று தரம் கூடக் கத்திவிட்டுத்தான் வாயை மூடுவான்.

அந்தக் குளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெரிய தவளை முழக்கண்ணன் தண்ணீரில் ஓங்கி ஒரு அடி அடித்தால், நூறு வாயும் அந்த நொடியே மூட வேண்டும். ஏனென்றால் கரைத் தாழம்புதரில் சாரைப்பாம்பு இருந்தது. போன மழையில் எல்லாரும் அடங்கியும் துளியன் குரல் மட்டும் கேட்டது. சாரை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நேரே வந்துவிட்டது. துளியன் தப்பினான். முழக்கண்ணனுக்குக் கால்விரல் இரண்டு போனது.

"உன் பிள்ளையால நாங்க எல்லாரும் சாகணுமா? பாட்டு முடியற வரைக்கும் அவனை உள்ளே வச்சு அடை!" என்று சொல்லிவிட்டார். பாசிக்கு யாரையும் எதிர்த்துப் பேசி வழக்கமில்லை.

"பயப்படாதே சாமி, பாட்டு முடிஞ்சதும் அம்மா ஓடி வந்து..."

"ஏ பாசி! மழை இறங்கிடுச்சு, வாடி!" பக்கத்து வளையில் இருக்கும் கொட்டி என்ற தவளை கூப்பிட்டாள். பாசி சொல்ல வந்ததை முடிக்காமலே போனாள்.

மழை கொட்டியது. குளமே பாடியது. பாசி மட்டும் பாடவில்லை. கண்ணெல்லாம் வளைமேலேயே இருந்தது.

திடீரென்று தாழம்புதர் அசைந்தது. முழக்கண்ணன் தண்ணீரை அடித்தார். நூறு வாயும் மூடின.

"கொர்... கொர்..."

துளியனின் குரல்! கொட்டுகிற மழையில் சேறு நிற்குமா? கரைந்து ஓடிவிட்டது. வளை வாயைத் திறந்துகொண்டு நின்றது.

சாரை தலையைத் தூக்கியது. "ஒத்தைக் குரல்! இருக்கிற இடத்தை நீயே சொல்றியே, எவ்வளவு நல்ல பிள்ளை!"

அது வளைப் பக்கம் நீந்தியது. பாசி வாயை மூடியே இருந்தால் பிள்ளை போவான். திறந்தால் அவள் போவாள்.

அவள் திறந்தாள். "கொர்ர்ர்!"

சாரையின் தலை சடாரென்று அவள் பக்கம் திரும்பியது.

"வாயை மூடு, பைத்தியக்காரி!" என்று முழக்கண்ணன் பல்லைக் கடித்தார்.

"மூட மாட்டேன்! நீங்களும் பாடுங்கண்ணே! ஒரு குரல்னா அதுக்கு வழி தெரியும். நூறு குரல்னா எங்கே போகும்?"

பாசியா பேசினது! கொட்டி வாயைப் பிளந்தாள். பிளந்த வாயால் பாடவும் ஆரம்பித்தாள். எதிர்க்கரை சேர்ந்துகொண்டது. கடைசியில் முழக்கண்ணனும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முழங்கினார்.

சாரை இந்தப் பக்கம் ஓடியது. சத்தம் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஓடியது. சத்தம் முதுகுக்குப் பின்னால்!

"சீ! எந்தப் பக்கம்தான் இருக்குதுங்க இந்தச் சனியனுங்க!" தலை சுற்றிப்போய் அது புதருக்குத் திரும்பியது.

எல்லாரும் களைத்து நிறுத்தப் போனார்கள். துளியன் நிறுத்தவில்லை. இந்தத் தடவை அவனை யாரும் தனியே விடவில்லை. அந்த மூன்று தரத்தையும் குளம் முழுக்கச் சேர்ந்து பாடியது.

"இனிமே நான் தண்ணியை அடிக்கப் போறதில்லை," என்றார் முழக்கண்ணன். "துளியன் எப்போ வாயை மூடறானோ, அப்போ நாம மூடுவோம்."

பாசி கையிலிருந்த சேற்றைக் கழுவினாள். புதருக்குள் சாரை கண்ணை மூடாமல்தான் கிடந்தது.

மெல்லக் கற்பவரை ஒதுக்கி வைத்தால் ஆபத்து அவரைத் தேடி வந்துவிடும். அவர் முடிக்கும் வரை கூடவே பாடினால் அதுவே எல்லாருக்கும் காவல்.