நெடுமுடியானுக்கு எது ஆகாது?

மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடியாத காலம் அது. அந்தக் காலத்தில், பொழில் நாட்டின் எல்லையில், ஒரு கணவாயின் அடிவாரத்தில் ஒரு வழிவீடு இருந்தது. மலையேறப் போகிறவர்களும் மலையிறங்கி வருகிறவர்களும் அங்கே ராத்தங்குவார்கள். காலையில் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். அதை நடத்தியவர்கள் அக்கா தங்கை இருவர். மூத்தவள் சிலம்பாயி, இளையவள் முத்தரும்பு. பாய் விரித்து, தண்ணீர் மொண்டு வைத்து, வந்தவர்களை விசாரிப்பது அக்கா. சமையல் தங்கை. முத்தரும்பு தோசை வார்த்தால் அந்த வாசனைக்கு வெளியே கட்டிய குதிரைகள்கூட எழுந்து நின்றுவிடும் என்பார்கள் வண்டிக்காரர்கள்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் நெடுமுடியான் வந்து சேர்ந்தான். யார் அவன்? கேளுங்கள். இடிக்குக் கடிவாளம் போட்டவன், ஆற்றை மேட்டில் ஏற்றியவன், பேர் கேட்டாலே ராஜாக்கள் எழுந்து நிற்கிற மந்திரவாதி. பனைமரம் நடந்து வந்த மாதிரி உயரம். ஆனால் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

காலையில் முத்தரும்பு அவனுக்கு இலை போட்டாள். தோசை, தேங்காய்த் துவையல், மிளகுக் குழம்பு. இரண்டு வாய்தான் தின்றிருப்பான். உதடு தடித்தது. கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது. மூச்சு கீச்சுக் கீச்சென்று இழுத்தது.

“என்ன போட்டாய் எனக்கு?” என்று கத்தினான்.

“எல்லாருக்கும் போடுறதுதான் ஐயா!” என்றாள் முத்தரும்பு.

“எனக்கு ஆகாததைப் போட்டாய்!”

கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டினான். முத்தரும்பு நின்ற இடத்தில் ஒரு மைனா சிறகடித்தது.

சிலம்பாயி ஓடிவந்து அவன் காலைப் பிடித்தாள். “ஐயா, எது ஆகாதுன்னு சொல்லுங்க. மாத்திச் செஞ்சு தர்றேன். என் தங்கச்சியைத் தந்துடுங்க!”

“சொல்ல மாட்டேன். நீயே கண்டுபிடி. இன்னும் இரண்டு முறை வருவேன். ஆகாதது இல்லாமல் என் வயிறு நிறையச் சோறு போடு. நிறைந்த வயிற்றோடு சொன்னால்தான் என் மந்திரம் திரும்பும். இரண்டு முறையும் தவறினால், இவள் உன்னையே மறந்து காட்டுக்குப் பறந்துவிடுவாள்.”

சொல்லிவிட்டு, வீங்கிய முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து சிலம்பாயி வந்தவர்களிடம் முதலில் பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டும்போதே, “உங்களுக்கு எது ஆகாது?” என்று கேட்டாள்.

முதலில் பயத்தில்தான் கேட்டாள். போகப்போக அவளுக்கே அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. ஒரு வண்டிக்காரருக்குக் கத்தரிக்காய் தின்றால் நாக்கு அரித்தது. ஒரு படைவீரனுக்குப் பால் குடித்தால் வயிற்றில் போர் மூண்டது. ஒரு பாட்டுக்காரி தயிரைத் தொடமாட்டாள், குரல் கட்டிவிடுமாம். ஒரே சோறு, ஒருவருக்கு உடம்பில் ஒட்டுகிறது, இன்னொருவருக்கு உடம்போடு சண்டை போடுகிறதே, இது எப்படி என்று சிலம்பாயி அடுப்பை ஊதிக்கொண்டே யோசிப்பாள்.

மைனாவும் லேசுப்பட்டதல்ல. சோறு வைத்தால் திரும்பிப் பார்க்காது. “அக்கா, எனக்கு வெட்டுக்கிளி வேணும்” என்றது முதல் நாள். சிலம்பாயி அழுதுகொண்டே புல்வெளியில் வெட்டுக்கிளி பிடித்தாள்.

நெடுமுடியான் இரண்டாம் முறை வந்தான். சிலம்பாயி தேங்காயை விட்டாள், மிளகை விட்டாள், புளியையும் விட்டாள். இட்லி அவித்து, பக்கத்தில் வெறும் வெல்லப்பாகு வைத்தாள். அவன் உடனே வாயில் போடவில்லை. இட்லியை மோந்து பார்த்தான். உதட்டோரம் தொட்டு வைத்துக் காத்திருந்தான். சிலம்பாயி அதைக் கவனித்தாள். அரை இட்லி தின்பதற்குள் உதடு தடித்தது.

“தவறினாய்!” என்றான். முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு மைனாவின் பேச்சு தேயத் தொடங்கியது. “அக்கா, எனக்கு வெட்டுக்கிளி வேணும்” என்றது “அக்கா, வெட்டுக்கிளி” என்றாயிற்று. பிறகு வெறும் “அக்கா.” அந்த ஒரு சொல்லும் போய்விடுமோ என்று சிலம்பாயி பகலெல்லாம் அதனோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

அப்போது வெள்ளாடை உடுத்திய துறவியம்மா ஒருவர் மலையிறங்கி வந்தார்.

“உங்களுக்கு எது ஆகாது தாயே?”

“மண்ணுக்குள்ளே விளையுற எதுவும் ஆகாதும்மா. கிழங்கு, வெங்காயம் எதுவும் வேண்டாம். அது பட்ட சட்டியும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம்.”

“கழுவித்தான் தாயே வச்சிருக்கேன். கரண்டியில என்ன இருக்கப் போகுது?”

துறவியம்மா சிரித்தார். “நீ இலையில போடுறது மட்டும் சாப்பாடு இல்லம்மா. கரண்டியில ஒட்டியிருக்கிறதும் சாப்பாடுதான்.”

சிலம்பாயி சந்தைக்குப் போய்ப் புதுச் சட்டியும் புதுக் கரண்டியும் வாங்கி வந்து அவருக்குச் சமைத்துப் போட்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் மனதைவிட்டுப் போகவில்லை. ஒட்டியிருக்கிறதும் சாப்பாடுதான்.

மூன்றாம் முறை நெடுமுடியான் வந்தபோது முன்னைவிட மெலிந்திருந்தான். காலையில் இலை முன்னால் உட்கார்ந்தான். இலையில் ஒன்றும் இல்லை.

“சோறு எங்கே?”

“இன்னும் சமைக்கல ஐயா. ஒண்ணு கேக்கணும்.”

“எது ஆகாது என்று சொல்ல மாட்டேன். எத்தனை முறை கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

சிலம்பாயிக்குப் பயம்தான். ஆனாலும் இத்தனை பேரைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நாக்கு அடங்கவில்லை. “சொல்ல மாட்டீங்களா ஐயா? இல்ல, தெரியாதா?”

நெடுமுடியான் கைத்தடியைத் தூக்கினான். தூக்கியபடியே இருந்தான். பிறகு மெல்லக் கீழே வைத்தான்.

“தெரியாதும்மா” என்றான். இடிக்குக் கடிவாளம் போட்ட குரல் இப்போது கொசு பறக்கிற மாதிரி இருந்தது. “சின்னப் பிள்ளையில ஒரு நாள் திடீர்னு மூச்சு முட்டிச்சு. பேய் அடிச்சிருச்சுன்னாங்க ஊர்ல. அந்தப் பேயைப் பிடிக்கத்தான் மந்திரமே படிச்சேன். எத்தனையோ பேயைப் பிடிச்சேன். அது மட்டும் கிடைக்கல. எந்த இலையில உட்கார்ந்திருக்கும், எந்தக் கவளத்துல வரும்னு பயந்து பயந்து, வயிறு நிறையத் தின்னு எத்தனை காலமாச்சு! மந்திரவாதிக்கே தெரியலைன்னு வெளியில சொல்ல முடியுமா?”

சிலம்பாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரியாத ஒன்றுக்காகவா என் தங்கையைப் பறவையாக்கினான்! ஆனால் எதிரே பசியோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“சரி ஐயா. இத்தனை நாளா தப்பாக் கேட்டுட்டேன். உங்களுக்கு எது ஆகும்?”

அதை யாரும் அவனிடம் கேட்டதே இல்லை. அவன் யோசித்தான். “காட்டுல இருக்கும்போது ஒண்ணும் செய்யாது. சுட்ட கிழங்கு, தேன், பால், நெய். தேங்காய்கூடத் தின்பேன்.”

“மிளகு?”

“கொடியிலேருந்து பறிச்சே மெல்லுவேன்.”

“அரிசி?”

“மூங்கில் குழாயில வேகவச்சுத் தின்பேன். ஒண்ணும் செய்யாது. அரண்மனை விருந்து, கல்யாணப் பந்தி, வழிவீடு, இங்கெல்லாம்தான் அந்தப் பேய் வருது.”

காட்டில் இல்லாதது, வீட்டில் மட்டும் இருப்பது எது? சிலம்பாயி அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். தோசைக்கல். இட்லித் தட்டு. அந்தத் தட்டைத் துடைக்கிற துணி. துணி நனைந்து கிடந்த எண்ணெய்க் கிண்ணம்.

“ஐயா, மூச்சு முட்டின அன்னைக்கு என்ன தின்னீங்க?”

“ஊர்த் திருவிழா. அம்மா எள்ளுருண்டை வாங்கித் தந்தா.”

“எள்ளு!” என்று எழுந்தே விட்டாள் சிலம்பாயி. “தோசையில நல்லெண்ணெய். இட்லித் தட்டுல நல்லெண்ணெய். இந்த வீட்டுல எந்தப் பாத்திரத்துலதான் அது இல்ல! உங்களைப் பிடிச்சது பேய் இல்லய்யா, எள்ளு!”

அவள் துறவியம்மாவுக்கு வாங்கிய சட்டியையும் கரண்டியையும் எடுத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தையும் துணியையும் வெளியே வைத்தாள். முழங்கைவரை சீயக்காய் போட்டுக் கை கழுவினாள். தினையரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, மிளகு தட்டிப் போட்டு, நெய் ஊற்றினாள். அடுப்புத் தணலில் கிழங்கு சுட்டாள். வாழைப்பழத்தை வெல்லத்தில் புரட்டி வைத்தாள்.

நெடுமுடியான் கை நீட்டவில்லை. “பயமா இருக்கும்மா” என்றான்.

“ஒரு பருக்கை போதும். நான் பக்கத்துலயே இருக்கேன்.”

ஒரு பருக்கை எடுத்து வைத்தான். இருவரும் காத்திருந்தார்கள். உதடு தடிக்கவில்லை. ஒரு விரல்நுனி எடுத்தான். கழுத்து சிவக்கவில்லை. ஒரு கவளம் எடுத்தான். மூச்சு இழுக்கவில்லை. அப்புறம் பாருங்கள்! “இன்னும் கொஞ்சம்” என்றான். போட்டாள். “இன்னும் கொஞ்சம்” என்றான். போட்டாள். “இன்னும் கொஞ்சம்” என்று சட்டியை அவனே பக்கத்தில் இழுத்துக்கொண்டான். கண்ணீர் தாடியில் ஓடி நெய்யோடு கலந்தது. கடைசியில் விட்டான் பாருங்கள் ஓர் ஏப்பம்! கணவாயின் இரண்டு மலைகளும் அதைத் திருப்பிச் சொல்லின.

நிறைந்த வயிற்றில் கை வைத்து மந்திரம் சொன்னான். ஜன்னலில் இருந்த மைனா சிலிர்த்தது. இறகெல்லாம் புகையாய்க் கரைந்தது. ஜன்னல் கட்டையில் முத்தரும்பு கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். “அக்கா!” என்று குதித்து வந்து சிலம்பாயியைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுது, சிரித்து, மறுபடியும் அழுதார்கள்.

நெடுமுடியான் முத்தரும்பு முன்னால் தலைகுனிந்து நின்றான். “நான் செஞ்சது அநியாயம் தாயே” என்றான். பிறகு சிலம்பாயியிடம், “என்ன வேணும்னாலும் கேள். பொன்னா? கோட்டையா?”

சிலம்பாயி கொஞ்சம் யோசித்தாள். “ஐயா, அரண்மனை விருந்து, கல்யாணப் பந்தின்னு சொன்னீங்களே. அங்கெல்லாம் சமைச்சவங்க இப்போ எங்கே?”

அவன் காது சிவந்தது. கைத்தடியை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினான்.

அந்த மழைக்காலம் முழுக்கக் கணவாய் வழியாகச் சமையற்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். ஒருவர் ஆடாக இருந்தவர். வேலியோரத் தழையைப் பார்த்தால் இன்னும் கால் தானாக நிற்கிறது என்றார். ஒருவர் ஆமையாக இருந்தவர். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு வந்தார். அரண்மனைத் தலைமைச் சமையற்காரரோ தவளையாக இருந்தவர். மழை வந்தால் மட்டும் கொஞ்சம் சந்தோஷமாகிவிடுவார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “நாங்க அப்படி என்னம்மா தப்பாச் சமைச்சோம்?”

“ஒரு தப்பும் இல்ல. எள்ளுதான். அவருக்கு ஆகாது, அவ்வளவுதான்” என்றாள் சிலம்பாயி.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆமையாக இருந்தவர்தான் முதலில் சிரிக்கத் தொடங்கினார். உள்ளே முத்தரும்பு அத்தனை பேருக்கும் இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வயிறு நிறைந்தது. நம் கதையும் நிறைந்தது.