பன்னிரண்டாம் கலம்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு. போதாக்குறைக்கு, சீடருக்குக் கீழேதான் குரு வேலை பார்த்தார். இப்படியொரு குருகுலம் கருவேலங்குறிச்சி வட்டார சுகாதார அலுவலகத்தில் நடந்தது.

சீடர் பெயர் டாக்டர் கோமதிநாயகம். இருபத்தைந்து வருஷம் நோயாளிகளை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தவர். பதவி உயர்வில் வட்டார மருத்துவ அலுவலராக இங்கே வந்து, ஃபைல்களைப் பார்த்ததும் விழி பிதுங்கிப் போனார். குரு, அலுவலகக் கண்காணிப்பாளர் பேச்சியம்மாள். எந்தப் பணம் எந்தத் தலைப்பில் வரும், எந்த ஆள் எந்த உத்தரவில் போவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

வந்த முதல் வாரமே டாக்டர், பேச்சியம்மாளின் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். கத்துக் குடுங்க."

"கேளுங்க சார். தெரிஞ்சதைச் சொல்லுதேன்."

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் பேச்சியம்மாளுக்குக் கிடையாது. அது ஞானமா, இருபது வருஷம் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்த பழக்கமா என்று சொல்வது கஷ்டம்.

ஜூன் மாதம் ஒருநாள் அமலோற்பவம் டாக்டரைப் பார்க்க வந்தார். ஓடைக்குளத்தின் கிராம சுகாதார செவிலியர். பக்கத்தில் ஈச்சங்கரடு, மேலப்பனையடி என்று இரண்டு ஊர்கள். அங்கே இருந்த செவிலியர்களில் ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் மாற்றலாகிப் போனார். நாலு வருஷமாக இரண்டு இடமும் காலி. மூன்று ஊரையும் அமலோற்பவம்தான் பார்க்கிறார். தடுப்பூசி, கர்ப்பிணிகள், பிரசவம், பிறந்த குழந்தை, எல்லாம்.

அவர் ஒரு சீட்டை நீட்டினார். கர்ப்பப்பையில் கட்டி. ரத்தப்போக்கு நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

டாக்டர் அவருடைய கண் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைக் காகிதம் போல இருந்தது. ஊரில் உள்ள கர்ப்பிணிகளையெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடச் சொல்லித் திட்டுகிற அம்மாவுக்கு உடம்பில் பாதி ரத்தம்தான் இருந்தது.

"இதை எப்பவோ செஞ்சிருக்கணுமே?"

"மூணு தடவை தேதி வாங்கினேன் சார். ஆள் இல்லாம எப்படிப் போக? அந்த ரெண்டு ஊருக்கும் ஆள் போட்டுட்டீங்கன்னா, என் ஊரையும் சேத்துப் பாத்துக்கிடுவாங்க. நான் ரெண்டு மாசம் படுத்துட்டு வந்துருவேன்."

டாக்டர் நேரே குருவிடம் போனார்.

"ஏன் மேடம் ஆள் போட மாட்டேங்காங்க?"

"ஈச்சங்கரட்டுல துணை சுகாதார நிலையத்துக்கு வேலை நடக்கு. எட்டு லட்சம் ஒதுக்கீடு. ஒரு நடை பாத்துட்டு வந்துருங்க சார்."

போனார். நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கட்டடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. புதுத் தரை, புதுக் கதவு, மஞ்சள் சுவர். வாசலில் ஒரு பெயிண்டர் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார், 'செவிலியர் பெயர்'னு எழுதிட்டேன். பேரு என்ன போடட்டும்?"

டாக்டர் ஜீப்பில் ஏறி நேரே பேச்சியம்மாளின் மேஜைக்கு வந்தார்.

"ஆளே இல்லாத கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கோம் மேடம். அந்தப் பணத்துல ஒரு நர்ஸை ரெண்டு வருஷத்துக்கு வச்சிக்கிடலாமே?"

"அது கட்டடத் தலைப்பு சார். சம்பளத் தலைப்பு வேற."

"மாத்த முடியாதா?"

"எழுதிக் கேக்கலாம். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள உத்தரவு வரணும். வராது. பணம் திரும்பிப் போயிரும். போன வருஷம் குடுத்ததையே செலவழிக்கலையேன்னு, அடுத்த வருஷம் மருந்துக்கு வாரதையும் சேத்துக் குறைப்பாங்க."

"அப்ப என்னதான் செய்ய?"

"பெயிண்ட் நல்லதா அடிக்கச் சொல்லுங்க."

டாக்டருக்குக் கோபம் வந்தது. மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் இல்லை. இன்னொன்று எழுதினார். ஆகஸ்டுக்குள் ஏழு கடிதம் போய்விட்டது. ஆபரேஷன் தேதியும் போய்விட்டது. அமலோற்பவம் செப்டம்பர் கடைசியில் வேறு தேதி வாங்கிக்கொண்டு வந்தார். அவர் படியேறி வருவதை டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஐந்து படிக்கு இரண்டு தடவை நின்றார்.

அன்று சாயங்காலம் டாக்டர் மறுபடியும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. ஏன்?"

பேச்சியம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு ஆபீஸ்ல மூணு கிளார்க் இருந்தாங்க சார். ஒருத்தர் ரிட்டயர் ஆனார். அவர் பாத்த சம்பளப் பட்டியலை இன்னொருத்தி எடுத்துக்கிட்டா. நாப்பது பேருக்கு முதல் தேதி சம்பளம் வராமப் போயிருமேன்னு. அப்புறம் அடுத்த ஆளையும் மாத்திட்டாங்க. அவர் வேலையையும் அவளே பாத்தா. ஞாயித்துக்கிழமையும் வந்து பாத்தா. ஆடிட்டுக்கு வந்தவங்க, ஒத்த ஆளா இவ்வளவையும் பாக்கீங்களேன்னு அசந்துட்டாங்க. பாராட்டி எழுதிட்டுப் போனாங்க. மூணாம் மாசம் ரெண்டு பணியிடமும் ரத்து."

"அந்தக் கிளார்க் என்ன ஆனா?"

"சூப்பிரண்டு ஆனா."

டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் இரண்டு மேஜைகள். மேலே பழைய போலியோ போஸ்டர் கட்டுகள் அடுக்கியிருந்தன.

பேச்சியம்மாள் மாதாந்திர அறிக்கையின் நகலை எடுத்து அவர் முன் வைத்தார். பன்னிரண்டாம் கலத்தில் விரலை வைத்தார். 'காலிப் பணியிடத்தால் பணி பாதிக்கப்பட்டுள்ளதா?' என்று அச்சடித்திருந்தது. அதற்கு நேரே, 'இல்லை. கூடுதல் பொறுப்பில் பார்க்கப்படுகிறது' என்று எழுதியிருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்து.

"இதை நானா எழுதினேன்?"

"எழுதினது நான். கையெழுத்து நீங்க. நாலு வருஷமா இதேதான்."

"ஏன் மேடம் இப்படி?"

"பாதிச்சிருக்குன்னு எழுதினா, யாரால பாதிப்புன்னு கேப்பாங்க. மெமோ அமலோற்பவத்துக்குத்தான் வரும். அந்த அம்மாவைக் காப்பாத்துறதா நெனச்சு எழுதினேன்."

முதல் தடவையாக குருவின் குரல் கம்மியதை சீடர் கேட்டார்.

"இந்த மாசம் உண்மையை எழுதுங்க. பாதிக்கப்பட்டிருக்குன்னு போடுங்க."

"போடுதேன் சார். ஆனா பதினொண்ணாம் கலத்துல எண்ணிக்கை இருக்கே. தொண்ணூத்தெட்டு சதவீதம் தடுப்பூசி. பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில. அதைப் பாத்துட்டு இதை யார் நம்புவா?"

டாக்டர் வெகுநேரம் யோசித்தார். யோசிக்கக் கூடாத ஒன்றை யோசித்தார். மறுநாள் ஓடைக்குளத்துக்குப் போய் அமலோற்பவத்திடம் சொன்னார்.

"ஒரு மாசம் நீங்க உங்க ஊரை மட்டும் பாருங்க. அந்த ரெண்டு ஊருக்கும் போகாதீங்க."

"தடுப்பூசி சார்?"

"ஒரு மாசம் தள்ளிப் போட்டா ஒண்ணும் ஆகாது. எண்ணிக்கை குறையட்டும். அப்பத்தான் ஆள் போடுவாங்க. உங்களுக்கு லீவு வேணும்லா?"

அமலோற்பவம் அவரையே பார்த்தார்.

"சரி சார்."

மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. தடுப்பூசி, தொண்ணூற்றேழு சதவீதம். டாக்டர் போனை எடுத்தார்.

"போகாதீங்கன்னு சொன்னேன்ல?"

"போகாமத்தான் சார் இருந்தேன். முத புதன்கிழமை போகவே இல்ல. அடுத்த புதன்கிழமை ஈச்சங்கரட்டுல இருந்தும் மேலப்பனையடியில இருந்தும் பஸ் ஏறி வந்துட்டாளுவ. ஒம்போது பேரு. பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு வாசல்ல நிக்காளுவ. மருந்தும் பெட்டியில இருக்கு. போங்கடின்னு எப்படிச் சார் சொல்ல?"

டாக்டர் போனை வைத்தார். திட்டவும் முடியவில்லை. சந்தோஷப்படவும் முடியவில்லை. அந்த மாத அறிக்கையில் பதினொன்றாம் கலத்தில் தொண்ணூற்றேழு என்றும், பன்னிரண்டாம் கலத்தில் 'ஆம், பணி கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளது' என்றும் எழுதி, இந்தத் தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஏழு கடிதத்துக்கு வராத பதில் பத்தே நாளில் வந்தது. கலம் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் முரண்பாடு உள்ளது, தவறான தகவல் அளித்ததற்கு விளக்கம் தருக என்றிருந்தது. டாக்டர் மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். அமலோற்பவத்தின் ரத்த அளவைக்கூட அதில் எழுதினார்.

செப்டம்பர் இருபதாம் தேதி உத்தரவு வந்தது. பேச்சியம்மாள் அதை டாக்டர் அறைக்குக் கொண்டுவந்து, நின்றபடியே படித்தார். ஈச்சங்கரடு, மேலப்பனையடி ஆகிய இரண்டு பணியிடங்களும் நாலு ஆண்டுகளாக நிரப்பப்படாத நிலையிலும் பணி செவ்வனே நடைபெற்று வருவது தங்கள் அறிக்கைகளால் தெரிய வருகிறது. எனவே மேற்படி பணியிடங்கள் இத்துடன் ரத்து செய்யப்படுகின்றன. இரண்டு ஊர்களும் ஓடைக்குளத்தோடு நிரந்தரமாக இணைக்கப்படுகின்றன. கடைசியில் ஒரு வரி. சிறப்பாகப் பணியாற்றும் செவிலியருக்குப் பாராட்டுச் சான்றிதழ் தனியே அனுப்பப்படும்.

அமலோற்பவத்தை வரச் சொன்னார்கள். அவர் வந்தபோது மத்தியானம். டாக்டர் அவரை உட்காரவைத்து, உத்தரவைக் கையில் கொடுத்தார். அவர் மெதுவாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"அப்ப ஆள் வரமாட்டாங்க."

"வரமாட்டாங்க. நீங்க அதைப் பாக்காதீங்க. லீவு நான் குடுக்கேன். இப்பவே கையெழுத்துப் போடுதேன். போய் அட்மிட் ஆகுங்க. டாக்டரா சொல்லுதேன், இதுக்கு மேல தாங்காது."

"நீங்க குடுப்பீங்க சார். மூணு ஊர்லயும் சேத்துப் பதினோரு பேரு மாசமா இருக்காளுவ. ரெண்டு பேருக்குப் பிரஷர். யார்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போக? பேரைச் சொல்லுங்க, போறேன்."

டாக்டர் பேச்சியம்மாளைப் பார்த்தார். பேச்சியம்மாள் ஜன்னலைப் பார்த்தார். வட்டாரத்தில் மற்ற செவிலியர்கள் ஆளுக்கு இரண்டு ஊர், மூன்று ஊர் என்று ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் பெயரைச் சொன்னால் அவருக்கும் இதே கதிதான்.

அமலோற்பவம் லீவு படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பொங்கல் கழிஞ்சு பாக்கலாம் சார். அதுக்குள்ள ஒம்போது பேருக்குப் பிறந்துரும்."

"அது வரைக்கும் உங்க உடம்பு இருக்கணுமே அம்மா!"

டாக்டர் கத்தியேவிட்டார். இத்தனை வருஷத்தில் எந்தச் செவிலியரையும் அவர் அம்மா என்று கூப்பிட்டதில்லை.

அமலோற்பவம் லேசாகச் சிரித்தார். மேஜை விளிம்பைப் பிடித்து எழுந்தார். மேலப்பனையடியில் ஒரு பெண்ணுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம், இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமாம். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு சின்னக் கறை இருந்தது. பேச்சியம்மாள் ஒரு துணியை நனைத்து வந்து துடைத்தார்.

டாக்டர் கோமதிநாயகம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்தார். அழுதாரா என்று தெரியாது. நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"நாலு வருஷம் மேடம். அந்த அம்மா ஒரு நாள் கூட லீவு எடுக்கலை. நீங்க உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க. நானும் எழுதாத கடிதம் இல்லை. நாம எங்க தப்புப் பண்ணினோம்?"

பேச்சியம்மாள் துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டார்.

"யாரையும் சாக விடலை சார்."