மூன்றாம் நாள் வாழைத்தண்டுக் கூட்டு

வாழைத்தண்டை நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்து, மோரில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அது முடிவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன்.

செங்கமலம் என்று ஒரு வைத்தியரம்மா இருந்தார். அவரிடம் வைத்தியம் படிக்க வந்தவர் பூவராகன். ஓட்டல் சமையலை விட்டுவிட்டு வந்தவர், அந்தம்மாவைவிடப் பத்து வயது பெரியவர்.

வைத்தியசாலையில் மாசிலாமணி என்ற வண்டிக்காரர் தங்கியிருந்தார். வாழைத்தண்டு மாதிரி நார்க்காய் சாப்பிட்டால் அவருக்கு வயிறு ஊதிக்கொள்ளும். சாப்பிடாவிட்டால் மலச்சிக்கல். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

"ஒரு வேளை காய் சாப்பிட்டு வயிறு ஊதாம இருக்கட்டும். அனுப்பிடறேன்" என்றார் வைத்தியரம்மா.

செவ்வாய்க்கிழமை பூவராகன் வாழைத்தண்டைப் பச்சையாக அரிந்து வைத்தார். மாசிலாமணிக்கு வயிறு கல்லாகிவிட்டது.

"இவருக்குப் பச்சையா ஆகாது. வேக வைங்க" என்றார் வைத்தியரம்மா.

புதன்கிழமை நார் எடுத்து, பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு குழைய வேகவைத்தார். நெய்யில் சீரகம், இஞ்சி, பெருங்காயம் தாளித்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது.

சாயந்தரம் மாசிலாமணி வயிற்றைத் தட்டிக் காட்டினார். "கேளுங்கண்ணே. நிச்சயத்துக்கு மேளத்துக்கு ஆள் பிடிக்க வேண்டாம்."

வியாழக்கிழமையும் அதே கூட்டு. பூவராகன் தட்டை எடுத்தார்.

"குடுங்க. இன்னைக்கு நான் போடறேன்" என்று வைத்தியரம்மா வாங்கிக்கொண்டார். ஆனால் போடவில்லை.

மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். மாசிலாமணி முதலில் பேசாமல் படுத்திருந்தார். அப்புறம் எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் கத்தினார்.

"பசி காதை அடைக்குதும்மா! மகளைப் பார்க்காமலே மேலே அனுப்பிடுவீங்க போல!"

வைத்தியரம்மா சூடாக இரண்டு கரண்டி வைத்தார். "நல்லா மென்னு சாப்பிடுங்க. பேசாம."

பொழுது சாயும்போது மாசிலாமணியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தளர்ந்திருந்தது.

"விடிஞ்சதும் கிளம்புங்க."

பூவராகன் வைத்தியரம்மா பின்னாலேயே வந்தார். "கூட்டுல என்னம்மா சேர்த்தீங்க?"

"ஒண்ணும் சேர்க்கலை. நீங்க செஞ்சதுதான்."

"நேத்தும் அதைத்தானே செஞ்சேன்?"

"நேத்து அவருக்குப் பசிச்சுதா?"

பூவராகன் யோசித்தார். "கேக்கலையே. சமைச்சு முடிச்சாச்சு, சும்மா சட்டியில கிடக்குதேன்னு போட்டுட்டேன்."

"கிடக்கட்டுமேண்ணே. சட்டிக்கு வயிறு வலிக்காது."

பூவராகன் கரண்டியைச் சட்டியிலேயே போட்டார். அப்புறம் அவர் — இருங்க, உள்ளே அத்தை கூப்பிடறாங்க. இதோ வரேன் அத்தை! பிள்ளை முழிச்சுட்டானா? பசிக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் ஊட்டலாம்.