கருப்பிக்கு ஒரு பந்து

மலையாற்றில் நீர்நாய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க சலோமி டீச்சர் ஒரு நாயோடு வந்திருந்தார். நாயின் பெயர் கருப்பி. நீர்நாயின் எச்சம் எங்கே கிடந்தாலும் மோந்து கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் ஒரு பந்து கிடைக்கும். அந்தப் பந்துக்காக அது மலையையே புரட்டிப்போடும்.

அவரிடம் தொழில் படிக்க வந்த திரவியம், வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர். டீச்சரைவிட வயதில் மூத்தவர்.

ஆறோ தினமும் கைவிரித்தது. பொழுது சாய்ந்ததும் திரவியம் தன் பையிலிருந்த டப்பாவைத் திறப்பார். உள்ளே பழைய எச்சம். டீச்சர் சொல்லியபடி அதைப் பாறை இடுக்கில் ஒளித்துவைப்பார். கருப்பி கண்டுபிடித்து உட்காரும். பந்தைக் கவ்விக்கொண்டு குதியாட்டம் போடும்.

“வாயில்லா ஜீவனை ஏமாத்துதோமே டீச்சர், பாவம் இல்லையா?”

“ஒண்ணுமே கிடைக்கலைன்னா நாளைக்கு அது தேடாது அண்ணாச்சி.”

“இந்த எச்சம் எங்க எடுத்தது?”

“இதே ஆத்துலதான். கருப்பியோட அம்மாவைக் கூட்டிட்டு வந்தப்போ. அப்பல்லாம் இந்தப் பாறையில கால் வைக்க இடம் இருக்காது.”

சொல்லிவிட்டு டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரவியத்துக்கு மனசு கேட்கவில்லை.

கடைசி நாள் அருவிக்கரை மட்டும்தான் பாக்கி. அங்கேயும் இல்லையென்றால், இந்த ஆற்றில் நீர்நாய் இல்லை என்று டீச்சர் தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். திரவியம் குளித்துவிட்டு வருகிறேன் என்று பையோடு முன்னால் போனார்.

அருவிக்குக் கீழே கருப்பி உட்கார்ந்தது.

“இருக்கு டீச்சர், இருக்கு,” என்றார் திரவியம். அந்தக் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

டீச்சர் முதலில் பந்தைப் போட்டார். கருப்பியைத் தடவிக்கொடுத்தார். பிறகு குனிந்து எச்சத்தை எடுத்து மோந்து பார்த்தார். புது எச்சம் என்றால் மீன் கவிச்சி அடிக்கும்; இதில் துளியும் இல்லை.

“டப்பாவைக் குடுங்க அண்ணாச்சி.”

கொடுத்தார். டீச்சர் எச்சத்தை உள்ளே வைத்து மூடினார். கண் கலங்கியிருந்தது.

“உங்க முகத்தைப் பார்க்க முடியலை டீச்சர். அதான்...”

கருப்பி பந்தைக் கொண்டுவந்து டீச்சரின் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது.

“அன்னைக்குக் கேட்டீங்கள்ல, இதை ஏமாத்துதோமேன்னு,” என்றார் டீச்சர். “இதுக்கு வேண்டியது பந்து. அது கிடைச்சிருச்சு. எனக்கு வேண்டியது நீர்நாய் அண்ணாச்சி.”