வெள்ளாவியில் வெந்த ராஜ அங்கி

கருவேலங்கோட்டைப் பெரிய ராஜாவை ஆவுடையப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சித்திரை மாத மத்தியானம். மேல்மாடத்தில் காக்கைகூட உட்காராத வெயில். ராஜா கழுத்துவரை பித்தான் போட்ட கம்பளி அங்கியில் வீற்றிருந்தார். இரண்டு பேர் விசிறினார்கள்.

"குளிருகிறதா மகாராஜா?" என்று கேட்டான் ஆவுடையப்பன். சபை விகடகவியான அவன் வேலையே அப்படிக் கேட்பதுதான்.

"குளிர் இல்லை ஓய், கௌரவம்" என்றார் ராஜா, வியர்வையை வழித்துக்கொண்டே.

வடக்கிலிருந்து வந்த வணிகன் ஒருவன் கொடுத்த அங்கி அது. ராஜாவுக்கு ஒன்று, முதல் மந்திரியான பிரதானி சொக்கலிங்கத்துக்கு ஒன்று. ஆடு மேய்ப்பவன்கூடக் கம்பளியைக் கண்டு ஓடுகிற ஊரில், அதைப் போட்டுக்கொள்ள அந்த இருவருக்கு மட்டுமே தைரியம் இருந்தது.

அன்று சாயங்காலம் படுத்த ராஜா எழுந்திருக்கவில்லை. வைத்தியர் விதி என்றார். அங்கியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தீட்டுக் கழிக்க அரண்மனைத் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக ஆற்றங்கரைச் சலவைத் துறைக்குப் போயிற்று. சலவைக்காரன் குப்பாண்டிக்குத் தெரிந்த சலவை ஒன்றுதான். உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி, பெரிய பானைமேல் அடுக்கி, அடியில் தீ மூட்டி ஆவியில் அவிக்க வேண்டும். வெள்ளாவி என்று பெயர். அதில் வெளுக்காத துணியை அவன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

அமாவாசைப் படையலில் வைக்க அப்பாவின் அங்கியைக் கேட்டார் இளைய ராஜா விசயபூபதி. குப்பாண்டி அதைத் தாம்பாளத்தில் கொண்டுவந்து நீட்டினான். பெரிய ராஜாவின் தொந்தியைச் சுற்றி வளைத்த அங்கி, இப்போது ஒரு பூசணிக்காய்க்குத்தான் சேரும்.

"இது எங்கப்பா அங்கியா?" என்றார் இளைய ராஜா. "கடைசியாக அவர் உடம்பில் இருந்தது இதுதானே!"

"வெட்டிவிட்டான் மகாராஜா!" என்று எழுந்தார் பிரதானி. "பாதியைத் திருடிக்கொண்டு மீதியைத் தைத்துக் கொடுத்திருக்கிறான். திருடின கையை எடுத்துவிட வேண்டும்."

குப்பாண்டி தரையில் விழுந்தான். "சாமி, இது நான் காணாத புதுமாதிரித் துணியா இருக்கே, என்ன செய்யன்னு நான் கேட்டேனே! மூட்டையைப் பார்க்காமலே, தீட்டுன்னா எல்லாம் தீட்டுதான், போய் வெள்ளாவியில ஏத்துடான்னு பிரதானி ஐயாதானே சொன்னாக!"

"பொய்!" என்றார் பிரதானி.

"நாளைக் காலையில் கையை எடுங்கள்" என்றார் ராஜா.

ஆவுடையப்பன் மெல்ல முன்னால் வந்து அங்கியைத் தூக்கிப் பார்த்தான். வெள்ளிப் பித்தான்கள் அத்தனையும், தேர்க்கூட்டம்போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

"பிரதானியார் கண்டுபிடிப்பே கண்டுபிடிப்பு" என்றான். "வெள்ளியை விட்டுவிட்டுக் கம்பளியைத் திருடியிருக்கிறான். இந்த வெயிலில் கம்பளி திருடியவன் உலகத்திலேயே இவன் ஒருவன்தான். கையை வெட்டுவதற்கு முன்னால் ஒரு மாலை போட வேண்டாமா?"

"கேலி வேண்டாம் ஓய்" என்றார் பிரதானி. "வெட்டித் தைத்து, பித்தானை மாற்றி வைத்திருக்கிறான். கம்பளி தானாகச் சுருங்குமா?"

"சுருங்காதா?"

"சுருங்கவே சுருங்காது!"

"நல்லதாயிற்று" என்றான் ஆவுடையப்பன். "மகாராஜா, பிரதானியார் போட்டிருப்பது அதே ஆட்டு மயிர், அதே தையல். அதையும் அதே வெள்ளாவியில் ஏற்றுவோம். போனபடியே திரும்பி வந்தால் குப்பாண்டி திருடன். கையை எடுங்கள், கத்தியை நானே பிடிக்கிறேன்."

ராஜா பிரதானியின் பக்கம் திரும்பினார். "கழற்றும் பிரதானி."

எல்லோரும் துறைக்குப் போனார்கள். பானை கொதித்தது. பிரதானி அங்கியைக் கழற்றினாரே ஒழிய, பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கொடுங்க சாமி" என்று கை நீட்டினான் குப்பாண்டி. நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற கை.

"நாளைக்குப் பார்க்கலாமே... நல்ல நேரம் பார்த்து..."

"துணி துவைக்க நல்ல நேரமா?" என்றான் ஆவுடையப்பன். "சுருங்காத சரக்குக்கு என்ன பயம்? அழுக்கு போகும், அங்கி வரும். போடு குப்பாண்டி!"

ஆவுடையப்பனே அங்கியைப் பிடுங்கி ஆவிக்கு மேலே நீட்டினான். முனை நனைந்ததுதான் தாமதம், பிரதானி அலறினார்.

"ஐயையோ! சுருங்கிப் போகும் ஓய்! வெந்நீரைக் காட்டாதே, காட்டினால் குழந்தைச் சட்டையாகிவிடும் என்று அந்த வணிகன் படித்துப் படித்துச் சொன்னானே!"

ராஜா பானையைச் சுற்றிக்கொண்டு பிரதானியின் எதிரே வந்து நின்றார்.

"யாரிடம் சொன்னான்?" என்று கேட்டார் ராஜா.

பிரதானி அங்கியைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"வெள்ளாவியில் ஏற்றச் சொன்னது உம் வாய், போவது அவன் கையா?" ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று.

"வேண்டாம் மகாராஜா" என்று குறுக்கே வந்தான் ஆவுடையப்பன். "இவ்வளவு ஆசையாகக் காப்பாற்றிய அங்கி. அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஆடிக் காற்று வரும்வரை, சபையில் அவர் அதைக் கழற்றக் கூடாது. அவ்வளவுதான்."

பிரதானியின் முகத்தில் அப்போதே வியர்த்தது. ராஜாவுக்கு முதலில் இருமல்போல ஒன்று வந்தது. பிறகு அது சிரிப்பானது. அப்பா போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

"உனக்கு என்ன வேண்டும், கேள் ஆவுடையப்பா."

"எது வேண்டுமானாலும் கொடுங்கள் மகாராஜா. போர்த்திக்கொள்கிற மாதிரி மட்டும் எதுவும் வேண்டாம்."

அமாவாசைப் படையலில் வாழையிலைக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன அங்கியைத்தான் வைத்தார்கள். பிறகு அது அரண்மனைப் பெட்டிக்குப் போயிற்று. பித்தான்கள் மட்டும் பழைய அளவிலேயே இருக்கின்றன.