ராஜாவுக்கு வந்த புரமோஷன்

கொழுந்தூர் ராஜா விஜயகிரிக்கு ஒரு ஆங்கிலச் சொல் கிடைத்தது. அன்றே அரண்மனையைச் சனி பிடித்தது.

சொல்லைக் கொடுத்தவர் விருந்துக்கு வந்த ஒரு துரை. "புரமோஷன் என்றால் பதவி உயர்வு. கடைச்சரக்கை ஊரெல்லாம் பரப்புவதற்கும் அதே பேர்தான். லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு 'முன்னே நகர்த்துதல்' என்று அர்த்தம்."

"அடடா! இத்தனை நாளும் ஒருவரையும் நகர்த்தாமலே பட்டம் கொடுத்திருக்கிறேனே!" ராஜா தலையில் அடித்துக்கொண்டார். உடனே ஆணை பிறந்தது. பதவி உயர்ந்தால் ஆசனம் சிம்மாசனத்தை நோக்கி ஒரு முழம் நகரும். நகர்ந்தவரை யாரும் பின்னுக்குத் தள்ளக் கூடாது. துரையின் கையில் அடித்து ராஜா சத்தியமே செய்துவிட்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ராஜா தும்மியபோது 'நூறு வயசு' என்றவனுக்கு ஒரு முழம். ராஜா பாடியபோது எழுந்து ஓடாதவனுக்கு இரண்டு முழம். சீக்கிரமே சபையின் பின்பாதி காலி. முன்பாதியில் மூச்சுவிட இடமில்லை. சேனாதிபதியின் முழங்கை ராஜாவின் விலாவில். வைத்தியரின் தாடி ராஜாவின் பாயசத்தில். மந்திரி அனந்தகிரி ஏறக்குறைய மடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"யாராவது என்னைக் காப்பாற்றுங்களேன்!" ராஜா அலறினார்.

மந்திரிக்கு விகடகவி வாஞ்சியப்பன் மேல் பழைய கடுப்பு. மடியிலிருந்தபடியே வத்தி வைத்தார். "அது வாஞ்சியப்பனால்தான் முடியும் மகாராஜா. ஆனால் ஒருவரும் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகக் கூடாது. சத்தியம் இருக்கிறதே! முடியாவிட்டால் ஊரைவிட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

வாஞ்சியப்பன் எழுந்து வந்தார். கொழுந்தூரை விட்டால் அவர் பேச்சுக்குச் சிரிக்க வேறு ஊர் கிடையாது. நெரிசலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திடீரென்று தேம்பித் தேம்பி அழுதார்.

"ஏனப்பா அழுகிறாய்?"

"மகாராஜா, சமையற்காரர்வரை எல்லாரும் முன்னேறிவிட்டார்கள். பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு முழம்கூட நகராதவர் ஒருவர் இருக்கிறாரே!"

"யார் அந்த அப்பாவி?"

"தாங்கள்தான்."

"ஆமாம்! ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே! இப்போதே எனக்குப் புரமோஷன்! எவ்வளவு தூரம்?"

"ராஜா அல்லவா? வாசல்வரைக்கும்."

காவலர்கள் சிம்மாசனத்தை ராஜாவோடு தூக்கி, எல்லார் தலைக்கும் மேலாகக் கொண்டுபோய், காலியாகக் கிடந்த பின்பாதியில் வாசலோரம் காற்றோட்டமாக இறக்கினார்கள். ராஜா கைகாலை நீட்டிச் சோம்பல் முறித்தார். எல்லாருக்கும் முன்னால் இருந்த மந்திரி, இப்போது ராஜாவுக்கு எல்லாரையும்விடத் தொலைவில், வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அநியாயம்! நான் எவ்வளவு முன்னேறியவன்!" என்று சுவரிடம் கத்தினார்.

"உண்மைதான் மந்திரியாரே. கொஞ்சம் கூடுதலாகவே முன்னேறிவிட்டீர்கள். மகாராஜாவையே தாண்டிப் போய்விட்டீர்கள். இது ராஜத்துரோகம் ஆயிற்றே!" என்றார் வாஞ்சியப்பன்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி வாஞ்சியப்பனுக்குப் போட்டார். சுவரோரத்திலிருந்து மந்திரி கெஞ்சினார்:

"மகாராஜா! தயவுசெய்து என்னைப் பின்னுக்குத் தள்ளுங்கள்!"